கை நனைக்காத அம்மா

அம்மா விழுந்தபோது ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்று கையில். வேலைக்குக் கிளம்பும் நேரம், பூந்தமல்லியில் எங்கள் வீட்டு வாசல். கையில் இருந்தது என்னுடைய ஷூ. எங்கள் இருவருக்கும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு. கறுப்பு, விரல்களுக்கு மேல் இரும்புத் தகடு வைத்தது. அவ்வப்போது மாறிப்போகும். மாறியதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடத் திரும்பியிருக்கிறாள். கூப்பிடவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

நான் எந்திரங்களின் அதிர்வை அளப்பவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோட்டாரோ பம்ப்போ வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த ஷூ தேவை. வரி அதிகாரிக்கு எதற்கு என்று அம்மாவை எல்லோரும் கேட்டார்கள். கம்பெனிகளில் வருகிறவர்களுக்கென்று ஷூவும் ஹெல்மெட்டும் வைத்திருப்பார்கள். அம்மா அவற்றைத் தொடமாட்டாள். சொந்தமாக வாங்கிய ஷூ, சொந்த ஹெல்மெட், வீட்டிலிருந்து கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில், ஒரு சாப்பாட்டு டப்பா. ஒரு கம்பெனியின் வாசலுக்குள் இவற்றோடு நுழைந்து இவற்றோடு வெளியே வருவாள்.

அவள் பெயர் ரைஹானா. வணிகவரித் துறையில், பெரிய கம்பெனிகளைத் தணிக்கை செய்யும் பிரிவில் துணை ஆணையர். ஒரு புதிய கம்பெனிக்குப் போனால் முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லமாட்டாள். நடப்பாள். கழிவுக் கிடங்கு, எடைமேடை, கேன்டீன் பின்வாசல், லாரி நிற்கும் இடம். கணக்குப் பிரிவு மேனேஜர் ஏசி அறையில் ஃபைல்களை அடுக்கிவைத்துக் காத்திருப்பார். அம்மா வெயிலில் பழைய இரும்புக் குவியலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். அவர்கள் எழுதிவைத்தது எங்கேயும் ஓடிப்போகாது, எழுதாமல் விட்டது இன்றைக்கே லாரி ஏறிவிடும் என்பாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு மேல் கம்பெனிகளில் ஒரு பதற்றம் வரும். மேடம் முஸ்லிம் என்று விசாரித்து, ஹலால் கடை தேடி பிரியாணி வாங்கி வைத்திருப்பார்கள். அம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்து, எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவாள். செக்யூரிட்டி ஓடிவந்து நாற்காலி போடுவார். அதிலும் உட்காரமாட்டாள். ஒரு மேனேஜர், மேடம் எங்கள்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று வக்கீலையே வரவழைத்துவிட்டாராம். கோபமெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். அம்மாவுக்கு எல்லாக் கம்பெனியும் சம்பந்தம் முடிவாகாத வீடு.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை எல்லைச் செக்போஸ்ட்டில் போட்டிருந்தார்கள். சித்திரை வெயில். ஒரு லாரி டிரைவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தாள். மறுநாள் அதே லாரி. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. இறங்கி நின்று சிரித்தார், அவ்வளவுதான். லாரியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு எதிரே தன்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்றாள். அதன்பிறகு இந்த வேலையில் யார் வீட்டுத் தண்ணீரும் இல்லை.

சொந்தக்காரர் கல்யாணத்திலும், மண்டபம் யாருடையது, செலவு யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் பந்திக்குப் போவாள். அத்தாவுக்கு டிரங்க் ரோட்டில் தையல் சாமான் கடை. கடையில் வந்து உட்காருகிறவர்களிடம், எங்க நிக்காஹ்ல இந்தம்மா சாப்பிட்டதே பெரிய விஷயம், என் ஜி.எஸ்.டி. கணக்கைக் கேட்டுட்டுத்தான் கை வைக்கும் போலிருந்துச்சு என்பார். அவர்கள் கல்யாணத்தின்போது ஜி.எஸ்.டி. கிடையாது. அதைச் சுட்டிக்காட்டினால் அத்தாவுக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அடக்கம் முடிந்து, வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களும் முடிந்து, கூட்டம் குறைந்த பிறகு வசந்தகுமாரி அக்கா வந்தார். அம்மாவுக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்தவர். அத்தா தொழுகைக்குப் போகும்வரை வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

கண்காணிப்பு கேமராவில் இருந்து எடுத்த படம். சிறிய கண்ணாடி அறை. ஸ்டூலில் அம்மா. மடியில் ஹெல்மெட். இடது கையில் டிபன் கேரியரின் மூடி. வலது கை வாயருகே. படத்தின் ஓரத்தில் ஓர் ஆணின் தழும்பேறிய கை மட்டும், கரண்டியோடு. மேலே தேதி. பொங்கல் நாள்.

கார்களுக்கு அலுமினிய பாகங்களை வார்க்கும் ஒரு பெரிய ஆலை அது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. விடுமுறை நாட்களில் ஆலை மூடியிருப்பதாகக் கணக்கு. ஆனால் மின்சார மீட்டர் அந்த நாட்களிலும் ஓடியிருக்கிறது. மூடியதாகச் சொல்லிவிட்டு உற்பத்தி செய்து, பில் இல்லாமல் விற்றிருக்கிறார்கள் என்று டிசம்பரில் அம்மா ஒரு பத்தி எழுதினாள். தணிக்கை அறிக்கையில் ஒவ்வொரு குறையும் ஒரு பத்தி. ஜனவரி கடைசியில் அந்தப் பத்தியை அவளே எடுத்துவிட்டாள். நேரடி ஆய்வில் உற்பத்தி நடைபெறவில்லை எனக் கண்டறியப்பட்டது என்று ஒரு வரி மட்டும் ஃபைலில் இருக்கிறது. ஏப்ரலில் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போனது, இந்தப் படத்தோடு. மே மாதம் விளக்கம் கேட்டு அம்மாவுக்குக் குறிப்பாணை வந்தது. அம்மா பதில் எழுதவில்லை. அவகாசம் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். ஜூனில் செத்துப்போனாள்.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஒண்ணும் ஆகாது அஃப்ஷீன்,” என்றார் வசந்தகுமாரி அக்கா. “ஃபைலை மூடிடுவாங்க. அலுவலர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறதுன்னு ஒரு வரி. பென்ஷனுக்கும் பிரச்சினை இல்ல.”

“அப்போ அம்மா தப்பு பண்ணலன்னு எழுதமாட்டாங்களா?”

“அதை விசாரிச்சாத்தானே எழுத முடியும். செத்தவங்களை யாரு விசாரிப்பாங்க.”

அவர் நல்ல மனதோடு ஒரு வழியும் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அன்று சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தது, வேறு வழியில்லாமல் கையில் கிடைத்ததைச் சாப்பிட்டார் என்று மகள் ஒரு மனு கொடுத்தால், டாக்டர் சீட்டோடு, யாரும் மறுக்கமாட்டார்கள். இனிப்புப் பொங்கல்தானே. பொருத்தமாகவே இருக்கிறது.

பொருத்தமாகத்தான் இருந்தது. எனக்கு அது போதவில்லை. அலுவலகத்தில் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சொல்ல விரும்பவில்லை. வற்புறுத்தினேன். பத்தி வெளிய வந்துச்சு, பொங்கல் உள்ள போச்சு என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலைக்குப் போனேன். மோட்டாரின்மேல் கருவியை வைத்தால் என் கைதான் நடுங்குகிறதா என்று சந்தேகம். கழற்றி மறுபடி வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் வேலப்பன்சாவடியில் இறங்கி, கல்லூரிப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே எதிர்ப்பக்கம் கடந்து, வந்த திசையிலேயே பஸ் ஏறினேன். சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். அத்தா தட்டை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, போனவங்களுக்கு துவா கேளு, ஃபைல் கேக்காத என்றார். அவருக்கு அது ஆறுதல். எனக்கு அந்த ஒரு வரி காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இறந்துவிட்டதால். அவள் இறந்ததுதான் அவளுக்குச் சாதகமான ஒரே சாட்சி என்பதுபோல.

வாசலில் இரண்டு ஜோடி ஷூ அப்படியே கிடந்தது. ஒருநாள் இரண்டையும் துடைக்க எடுத்தேன். அம்மாவுடையதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் அடியில், குதிகால் பள்ளத்தில், மிளகு அளவில் வெள்ளிபோல ஒரு துளி பதிந்திருந்தது. கத்தியால் நெம்பி எடுத்தேன். அலுமினியம். உருகிச் சிதறி உறைந்தது. நான் போகும் எந்த இடத்திலும் அலுமினிய உலை கிடையாது.

அப்போதுதான் நினைவு வந்தது. புத்தாண்டு முடிந்த சமயம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா டப்பாவைத் துடைத்தபடி கேட்டாள், லீவு நாளில் உலைக்கு எதற்குக் கரண்ட் என்று. எந்த வகை உலை என்று கேட்டேன். வகை இருக்கிறதா என்றாள். ஒரு வகையில் வேலை முடிந்ததும் உலோகத்தை முழுக்க ஊற்றிக் காலி செய்து அணைத்துவிடலாம். இன்னொரு வகைக்கு அடியில் குறுகலாக ஒரு வாய்க்கால் மாதிரி பாதை உண்டு. அதில் எப்போதும் உருகிய உலோகம் இருந்தாக வேண்டும். உறைந்தால் உள்சுவர் பிளந்துவிடும், உலையே போச்சு. அதனால் ஊரே லீவு விட்டாலும் அதைச் சூடாகவே வைத்திருப்பார்கள், கூடவே ஓர் ஆளையும் வைத்திருப்பார்கள். இதைச் சொன்னேன். அம்மா டப்பாவை மூடினாள். அது எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, உள்ளே போய்ப் பார்க்கணும், ஆலை நிற்கிற நாளில் பார்த்தால் சந்தேகமே இருக்காது என்றேன்.

பொங்கலன்று ஆபீஸ் வேலை என்று சொல்லி அம்மா வீட்டிலிருந்து கிளம்பியது அதற்குத்தான். ஊருக்குப் போகாத தொழிலாளி அன்று இருக்கமாட்டான். நிச்சயமாக மூடியிருக்கும் நாள் அது ஒன்றுதான். வார்ப்பு வரிசை நிற்கிறதா, லாரி இல்லையா, மீட்டர் மட்டும் ஓடுகிறதா என்று தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். தான் எழுதியது தவறு என்று தெரிந்ததும் எடுத்துவிட்டாள். அதுவரைக்கும் எனக்கு விளங்கிவிட்டது. அவள் ஏன் சாப்பிட்டாள் என்பது மட்டும் விளங்கவில்லை. ஏன் பதில் எழுதவில்லை என்பதும்.

ஆலைக்குள் என்னை விடமாட்டார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றேன். நீலச் சட்டை போட்ட கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். பம்ப் வேலைக்காக வந்திருப்பதாகச் சொன்னேன், அதுவும் முழுப் பொய் இல்லை. பேச்சோடு பேச்சாக, லீவு நாளில் உலைகிட்ட யார் இருப்பார்கள் என்று கேட்டேன்.

“ஃபர்னஸா? நம்ம கலி அண்ணாத்ததான்,” என்றான் ஒருவன். “தீவாளின்னாலும் அவுருதான், பொங்கல்னாலும் அவுருதான். அதுக்குத் தாலி மட்டுந்தான் கட்டல.”

“வனஜாக்கா காதுல உழுந்தா நீ காலி மாமே,” என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் அந்த மனிதரே வாசலிலிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்னங்கையில் சூடு பட்ட தழும்புகள். படத்தில் பார்த்த கை. கலியமூர்த்தி என்று இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் அதுவல்ல. பின்னாலேயே போய், ரைஹானா மேடத்தின் மகள் என்று சொன்னேன். அவர் நிற்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே நடந்துகொண்டு, இங்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்று சொல்லி, அண்ணனூரில் ரயில் பணிமனைக்குப் பின்னால் ஒரு தெருவின் பெயரையும் சொன்னார்.

ஞாயிறு வரை நான் இருந்த இருப்பை அத்தாதான் சொல்லவேண்டும். மனுவை எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடி எழுதினேன். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அன்று மேடத்துக்கு மயக்கம் வந்தது, நான்தான் கொடுத்தேன் என்று. அந்த வரியைக் காலியாக விட்டு மீதியை எழுதி முடித்தேன்.

அண்ணனூரில் இறங்கியபோது பணிமனையில் வெற்று ரயில்கள் வெயிலில் நின்றிருந்தன. வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்த அவர் மனைவி வனஜா நான் யாரென்று சொன்னதும் வழிவிட்டார். முகம் வழிவிடவில்லை. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மகளின் பட்டமளிப்புப் படம். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் என் பையிலிருந்த பாட்டிலை எடுத்தேன். யோசித்து எடுக்கவில்லை. அம்மாவின் பாட்டில் அது. சில நாட்களாக அதைத்தான் எடுத்துப்போகிறேன்.

“ஊட்டுத் தண்ணிதாம்மா,” என்றார் வனஜா. “கம்பேனி தண்ணி இல்ல.”

கலியமூர்த்தி பொங்கலன்று நடந்ததைச் சொன்னார். காலை பத்து மணி வாக்கில் அம்மா வந்திருக்கிறாள். செக்யூரிட்டி, ஊருக்குப் போயிருந்த மேனேஜருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கியிருக்கிறார். ஆலை முழுக்க ஆளில்லை. அம்மா வார்ப்பு வரிசையைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. லாரி நிற்கும் இடத்தில் நாய் தூங்கியது. பிறகு உலைக்கு வந்து, இதை அணைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, என் பொண்ணும் இதையேதான் சொன்னாள் என்றாளாம். மூடியைக் கொஞ்சம் நகர்த்தி உள்ளே காட்டியிருக்கிறார். அப்போது தரையில் சிதறிய துளியை மிதித்துத்தான் அது ஷூவில் பதிந்தது. மீட்டர் பக்கத்தில் மதியம்வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் உலையை விட்டு நகர முடியாது. கண்ணாடி அறையில் கேரியரைத் திறந்தார். ஒரு பெண்மணி நின்றுகொண்டிருக்கும்போது தனியாகத் தின்ன அவருக்கு மனமில்லை. கூப்பிட்டார். அம்மா தன்னிடம் டப்பா இருக்கிறது என்று காட்டினாள். நல்ல நாளில் வீட்டிலிருந்து வந்தது, கொஞ்சமாவது என்று மறுபடியும் கூப்பிட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது, இவர்கள் முஸ்லிம், பொங்கல் படைத்ததா என்று யோசிப்பார்களோ என்று. ஆறு மணி ஷிஃப்ட், அதனால் படைப்பதற்கு முன்பே வனஜா தனியாகக் கட்டிக் கொடுத்துவிட்டாள் என்று விளக்கத் தொடங்கியிருக்கிறார்.

“அவங்க கேட்டது அது இல்லம்மா,” என்றார் கலியமூர்த்தி. “இது கேன்டீன்ல செஞ்சதா, வீட்ல செஞ்சதான்னாங்க. ஊட்லதாங்க, எங்க ஊட்டுக்காரி பண்ணதுன்னேன். அரிசி, வெல்லம் எல்லாம் யாரு வாங்குனதுன்னாங்க. நாந்தான்னேன். அப்பறந்தான் ஸ்டூல்ல உக்காந்தாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா செத்த பிறகு முதல் தடவை. அரிசி வெல்லம்வரைக்கும் தணிக்கை செய்திருக்கிறாள்.

பையில் மனு இருந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அப்போது அவங்களுக்கு மயக்கமா இருந்ததா, கை நடுங்கியதா, வேர்த்ததா. ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லியே. நல்லாத்தான் இருந்தாங்க. இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டு வாங்கி சாப்ட்டாங்க. சக்கரை இருக்குது, வீட்ல சொல்லாதீங்கன்னு சிரிச்சாங்க.”

வனஜா அதுவரை அடுக்களை வாசலில் நின்றிருந்தவர், உள்ளே வந்தார்.

“அந்தப் படம் வந்ததுலேர்ந்து இந்தாளு சரியா சாப்புடறதில்ல. கான்ட்ராக்ட்டு ஆளு. ஆடிட்டருக்கு நீ எப்புட்றா சோறு போட்டன்னு எழுத்துல ஒரு வார்த்த வந்துச்சுன்னா, கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுருவாங்க. உங்கம்மாவே இவர் பேர சொல்லலம்மா. நீ எதுக்கு வந்து நிக்கற?”

அம்மாவே சொல்லவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

மே மாதம் அம்மா அவரைத் தேடி வந்திருக்கிறாள். வீட்டுக்கு இல்லை. அண்ணனூர் ஸ்டேஷனில், அவர் வேலை முடிந்து இறங்கும் ரயிலுக்காக நடைமேடையில் காத்திருந்திருக்கிறாள். படத்தைக் காட்டினாள். உங்கள் முகம் இதில் இல்லை, கைதான் இருக்கிறது என்றாள். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். யார் கொடுத்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் நான் பொய் எழுதமுடியாது. அதனால் எழுதாமல் இருக்கிறேன். உங்களை யாராவது கேட்டால் நீங்களும் பேசாதீர்கள். நான் ரிட்டயர் ஆகிறவள், எனக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவையும் நின்றபடியே சொல்லிவிட்டு, எதிர்ப்பக்க ரயிலில் ஏறிப் போய்விட்டாள். வனஜாவின் பொங்கலில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லச் சொன்னாளாம்.

ஒன்றும் ஆகாது என்பது உண்மையில்லை. ஒரு குறிப்பாணை நிலுவையில் இருந்தால் ரிட்டயர்மென்டே தள்ளிப்போகும். அம்மாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மாதங்களில் அவள் ராத்திரி சரியாகச் சாப்பிடாததும், ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதும், சர்க்கரை என்று நாங்கள் நினைத்தோம்.

“எங்க கையெழுத்து போடணும்னு சொல்லும்மா,” என்றார் கலியமூர்த்தி. “போட்டுர்றேன். அவங்க எனக்காகப் பேசாம இருந்தாங்க. நான் அவங்களுக்காகப் பேசாம இருந்தா சாப்டது ஜீரணம் ஆவாது.”

வனஜா போய் வாசல் கதவருகே நின்றார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் எழுந்தேன். அந்தச் சிறிய அறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். வெளியே பணிமனையில் ஒரு ரயிலைத் தள்ளிச் சேர்க்கும் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு இடித்து, அந்த அதிர்வு தரை வழியாக வீட்டுக்குள் வந்து அடங்கியது. பையிலிருந்த மனுவில் காலியாக விட்ட வரி ஒன்றுதான். அதில் இவருடைய பெயரை எழுதினால் என் அம்மாவின் பெயர் சுத்தமாகிவிடும். அவள் எழுதாத பெயர் அது. அதை எழுதுவதற்கு அவளுக்கு மே முழுக்க நேரம் இருந்தது.

கையெழுத்து வேண்டாம் என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். உலை எந்த வகை என்பதை உங்களைக் கேட்காமலேயே, மீட்டர் அளவுகளை வைத்தே என்னால் நிரூபிக்க முடியும், அதை நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அப்படியே செய்தேன். மனு இப்போது இரண்டு பக்கம். உலையின் அமைப்பு, அதை ஏன் அணைக்க முடியாது, விடுமுறை நாளின் மின்சாரம் எதற்கு ஆகிறது, பத்தியை எடுத்தது ஏன் சரி என்பது மட்டும். சாப்பாடு பற்றியோ மயக்கம் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வசந்தகுமாரி அக்கா படித்துவிட்டு, இதுல உருக்கமா ஒண்ணுமே இல்லையே என்றார். பிறகு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பதில் வந்தது. அலுவலர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. மனு கோப்பில் சேர்க்கப்பட்டது. என்றைக்காவது யாராவது அந்தக் கோப்பைத் திறந்தால் அம்மா எழுதிய ஒரு வரிக்குப் பின்னால் என்னுடைய இரண்டு பக்கம் இருக்கும். படமும் இருக்கும். அலுவலகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது லேசான காரியமாக இல்லை. இப்போதும் சில சாயங்காலங்களில் வேலப்பன்சாவடியில் இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் ஏறுகிறேன்.

அன்று அண்ணனூர் வீட்டில், கிளம்புகிறேன் என்று பையை எடுத்தேன். வனஜா நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணிக்கு மேலாகிவிட்டது, சங்கரா மீன் குழம்பு வைத்திருக்கிறேன், மீன் சாப்பிடுவீங்கதானே என்றார். கேள்வி மாதிரி இல்லை. நான் பதில் சொல்வதற்குள் தரையில் தட்டை வைத்துவிட்டார்.

கலியமூர்த்தி சும்மா இருக்கவில்லை. “அரிசி ரேஷன்ல வாங்கல,” என்றார். “மீனு ஆவடி மார்க்கெட்ல. காசு நாந்தான் குடுத்தேன்.”

வனஜா அவரை முறைத்தார். நான் பின்பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். குழம்பு காரம். மூக்கில் ஒழுகியது, கண்ணிலும். துடைக்கவில்லை. தட்டு காலியானதும் வனஜா கரண்டியோடு குனிந்து நின்றார்.

“உங்கம்மா ரெண்டாவது தபா கேட்டு வாங்குனாங்களாம். நீ?”

தட்டை நீட்டினேன்.